இருக்கிற கை கணக்கில் இல்லை: ஒருபக்க வாதமுள்ள பிள்ளைகளும் விளையாட்டு என்ற சிகிச்சையும்

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 3ஆம் திகதி சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். எங்கள் பகுதிகளில் அன்றைய நிகழ்ச்சி நிரல் எல்லோருக்கும் மனப்பாடம். மங்கல விளக்கு, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, கலை நிகழ்ச்சி, கடைசியில் சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் உலருணவுப் பொதியும் கையளிக்கும் படம். இவை தேவையற்றவை என்று சொல்ல வரவில்லை. ஷெல்லுக்கும் மிதிவெடிக்கும் கையையும் காலையும் பறிகொடுத்தவர்கள் வாழும் மண் இது.

ஆனால் அந்தப் படங்களில் வராத பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு கையும் இருக்கிறது, இரண்டு காலும் இருக்கிறது. நடக்கிறார்கள், கதைக்கிறார்கள், முன்பள்ளிக்குப் போகிறார்கள். ஒரு கை மட்டும் முழங்கையில் மடிந்து, பெருவிரலை உள்ளே வைத்துப் பொத்திய விரல்களோடு, நெஞ்சோரம் ஒதுங்கி நிற்கும். அந்தக் கைக்குக் கொடுக்க நிவாரணப் பட்டியலில் எந்தப் பொருளும் இல்லை.

உடுவிலில் அப்படியொரு பிள்ளையைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். ஆறு வயது, அடுத்த தவணை முதலாம் வகுப்பு. பிறந்ததில் இருந்து இடப்பக்கம் வலுக்குறைவு. இரண்டு கிழமைக்கு ஒருதடவை தாய் மருதனார்மடம் சந்தியில் பஸ் ஏறி, ஓர் அரச வைத்தியசாலையின் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். போய்வர அரைநாள். சிகிச்சையாளரோடு கிடைப்பது அரை மணித்தியாலம். பின்னேரங்களில் அம்மம்மா அந்தக் கைக்கு எண்ணெய் பூசி நீவிவிடுகிறார். சாப்பாடு தீத்தி, சட்டைக்குத் தெறி பூட்டி, சப்பாத்து மாட்டி எல்லாம் செய்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு அந்தக் கையே தேவைப்படாத அளவுக்கு அன்பு.

நான் இருந்த அந்த ஒரு மணித்தியாலத்தில் அந்த இடதுகை ஒரேயொரு தடவைதான் தானாக வேலை செய்தது. தகப்பன் குரும்பட்டியில் தேர் கட்டிக்கொண்டிருந்தார். ஈர்க்கைக் குத்த முயன்றபோது குரும்பட்டி உருண்டு ஓடியது. யாரும் சொல்லாமலே பிள்ளை இடது முன்கையால் அதை நிலத்தோடு அமத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஈர்க்கைக் குத்தினான். வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நெடுநாட்களாக எண்ணெயும் நீவலும் செய்யாத ஒன்றை ஒரு குரும்பட்டி செய்தது.

அது தற்செயல் அல்ல என்பதைத்தான் கடந்த இருபது, முப்பது வருட மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன.

கையில் அல்ல, மூளையில்

ஒருபக்க வாதம் என்றவுடன் வயதானவர்களுக்கு வரும் பாரிசவாதம்தான் எங்கள் நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்கும் வரும். வயிற்றில் இருக்கும்போதோ பிறக்கும் வேளையிலோ மூளையின் ஒரு பக்கத்துக்கு இரத்தம் போவது தடைப்படலாம். குறைமாதப் பிரசவத்தில் மூளையில் கசிவு ஏற்படலாம். பிறந்தபின் மூளைக்காய்ச்சலோ தலையில் பட்ட காயமோ காரணமாகலாம். மூளையின் வலது பாதி பாதிக்கப்பட்டால் உடலின் இடது பக்கம், இடது பாதியானால் வலது பக்கம். மூளை முடக்குவாதம் என்று பொதுவாகச் சொல்லப்படும் நிலையின் ஒரு வகை இது. உலகளவில் 1000 உயிர்ப்பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 பிள்ளைகளுக்கு மூளை முடக்குவாதம் ஏற்படுகிறது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்படுகிறது.

கையில் எலும்பும் தசையும் நல்லபடியாகத்தான் பிறக்கின்றன. கோளாறு கட்டளை வரும் வழியில். பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியில் இருந்தும் இரண்டு கைகளுக்கும் நரம்புப் பாதைகள் போகின்றன. முதல் ஒன்றிரண்டு வருடங்களில் அவை ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. பாவனையில் உள்ள பாதை பலப்படும், பாவனை குறைந்தது பின்வாங்கும். வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. தண்ணீர் போகிற வாய்க்கால் திறந்திருக்கும், போகாத வாய்க்கால் தூர்ந்துவிடும்.

அதனால்தான் இதில் வயது முக்கியம். பெற்றோர் கவனிக்கக்கூடிய அறிகுறி ஒன்று இருக்கிறது. ஒரு வயதுக்கு முன்னர் எந்தப் பிள்ளையும் வலக்கைக்காரராகவோ இடக்கைக்காரராகவோ இருப்பதில்லை. ஆறு, ஏழு மாதப் பிள்ளை எப்போதும் ஒரு கையையே நீட்டிச் சாமான் எடுக்கிறது, மற்றக் கை பொத்தியபடியே இருக்கிறது என்றால், அதைக் கெட்டித்தனம் என்று எடுக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். எங்கள் வீடுகளில் இதைப் “பிள்ளை இடக்கைவாக்கு” என்று சிரித்துவிட்டுக் கடந்துபோவதுதான் வழக்கம்.

பயன்படுத்தாமல் பழகிய கை

அமெரிக்க உளவியலாளர் எட்வேர்ட் டோப் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஒரு விடயத்தைக் கண்டார். ஒரு கையின் உணர்வு நரம்பு துண்டிக்கப்பட்ட குரங்கு அந்தக் கையை முற்றாகக் கைவிட்டுவிடுகிறது. ஆனால் நல்ல கையைக் கட்டிவைத்தால் கைவிட்ட கையைப் பாவிக்கத் தொடங்குகிறது. அந்தக் கையால் முடியாமல் இல்லை. முயன்று தோற்ற அனுபவத்தால் அதைப் பாவிக்காமல் இருக்கப் பழகிவிட்டது. அந்த ஆய்வுகள் மிருகவதை என்ற கடும் சர்ச்சைக்கும் உள்ளாகின. ஆனாலும் அதிலிருந்து பிறந்த சிகிச்சை முதலில் பாரிசவாத நோயாளர்களுக்கும், பின்னர் பிள்ளைகளுக்கும் வந்தது. நல்ல கைக்கு ஒரு தடித்த கையுறையைப் போட்டுவிட்டு, இரண்டு மூன்று கிழமைகளுக்கு நாளாந்தம் சில மணித்தியாலங்கள் மற்றக் கையால் விளையாட வைப்பதுதான் அதன் சாரம்.

பிள்ளை பெரிய ஆளின் சிறிய வடிவம் அல்ல. தோற்றுப்போகும் கையை மட்டும் கொடுத்து, நல்ல கையைப் பறித்தால் பல பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். நாளாந்த வாழ்க்கையில் எங்களுக்கு வேண்டியதும் தனிக்கை அல்ல. போத்தல் மூடி திறக்க, தெறி பூட்ட, அடிமட்டம் வைத்துக் கோடு கீற, எல்லாவற்றுக்கும் இரண்டு கையும் சேர வேண்டும். இந்த எண்ணத்தில் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ கோர்டனும் அவரது குழுவினரும் இரு கைகளையும் சேர்த்துப் பழக்கும் முறையை உருவாக்கினார்கள். 2011இல் 42 பிள்ளைகளை வைத்து இரண்டு முறைகளையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். 15 நாட்களில் மொத்தம் 90 மணித்தியாலப் பயிற்சி. இரண்டு முறையிலும் கையின் செயற்பாடு ஏறக்குறைய ஒரே அளவில் முன்னேறியது. கட்டி வைக்காமலே அதே பலனைப் பெறலாம் என்றாகிறது.

இதையே இன்னொரு படி கொண்டுபோனவர்கள் லண்டனில் இருக்கிறார்கள். அங்கே செப்படிவித்தைக்காரர்களும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களும் ஒன்றாக இருந்து, இரண்டு கையும் இல்லாமல் செய்யவே முடியாத வித்தைகளைத் தெரிந்தெடுத்தார்கள். கயிறு, சீட்டு, கிண்ணம், பந்து. 10 நாள் முகாம், மொத்தம் 60 மணித்தியாலம், கடைசி நாளில் பெற்றோர் முன்னிலையில் மேடை நிகழ்ச்சி. 2013இல் வெளியான ஆய்வில் அந்தப் பிள்ளைகள் இரு கைகளையும் சேர்த்துப் பாவிப்பது கூடியிருந்தது. பிள்ளைகளைப் பொறுத்தவரை அவர்கள் சிகிச்சைக்குப் போகவில்லை. தங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாத வித்தை ஒன்றைப் பழகப் போனார்கள். எல்லோராலும் முடிந்தது தன்னால் முடியாது என்று குறுகியிருந்த பிள்ளை, யாராலும் முடியாததைச் செய்துகாட்டித் திரும்புகிறது.

மணித்தியாலக் கணக்கு

இங்கேதான் நாங்கள் பென்சிலை எடுத்து ஒரு கணக்குப் பார்க்க வேண்டும்.

அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2020இல் இதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, எவ்வளவு பயிற்சிக்கு எவ்வளவு பலன் என்று மதிப்பிட்டார்கள். தெறி பூட்டுதல் போன்ற குறிப்பிட்ட ஓர் இலக்கை அடைய 14 முதல் 25 மணித்தியாலம் வேண்டும். கையின் பொதுவான செயற்பாடு கூட 30 முதல் 40 மணித்தியாலம் வேண்டும். இதில் வீட்டில் செய்யும் பயிற்சியும் அடங்கும்.

உடுவில் பிள்ளையின் கணக்கு என்ன? இரண்டு கிழமைக்கு அரை மணித்தியாலம், ஒரு கிளினிக்கும் தவறாமல் போனால் வருடத்துக்கு 13 மணித்தியாலம். மழை, காய்ச்சல், கோயில் திருவிழா, பஸ் பகிஷ்கரிப்பு, தாயின் கூலிவேலை எல்லாம் கழித்தால் பத்துக்கும் கீழே. அதில் ஒரு பகுதி சிகிச்சையாளர் கையை நீட்டி மடக்கிவிடுவதில் போய்விடும். மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்வதற்கு நீட்டிவிடுதலுக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் பிறர் அசைத்துவிடுவதால் மட்டும் பிள்ளை கையைப் பாவிக்கப் பழகாது. சைக்கிளில் பின்னால் இருந்து போனவர் சைக்கிள் ஓடப் பழகுவதில்லை. எண்ணெய் நீவலும் அப்படித்தான். பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், தவறில்லை. சிகிச்சை அதோடு முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் தவறு.

கிளினிக்கில் சிகிச்சையாளர் அக்கறையில்லாமல் இருக்கிறார் என்பதல்ல வாதம். எவ்வளவு அக்கறையுள்ளவராலும் 13ஐ 40 ஆக்க முடியாது. மிகுதி மணித்தியாலங்கள் வீட்டிலும் முன்பள்ளியிலும்தான் இருக்கின்றன.

அவை வீணான மணித்தியாலங்களும் அல்ல. அவுஸ்திரேலியாவில் ஐயோனா நொவாக்கும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையாளர் வகுத்துக் கொடுத்த வீட்டுப் பயிற்சியைப் பெற்றோர் செய்தார்கள். சராசரியாக மாதத்தில் 17 தடவைக்குச் சற்றுக் கூட, ஒரு தடவைக்கு 16 நிமிடத்துக்குச் சற்றுக் கூட. எட்டுக் கிழமையில் பயிற்சி பெறாத பிள்ளைகளைவிட முன்னேற்றம் தெரிந்தது. மாதம் ஐந்து மணித்தியாலம்கூட வரவில்லை. ஆனால் அந்த அளவை ஒரு வருடம் இழுத்தால் ஏறத்தாழ 58 மணித்தியாலம். கிளினிக்கில் கிடைப்பதன் நான்கு மடங்குக்கு மேல்.

பொருள் வெளிநாட்டில் இருந்து வரத் தேவையில்லை

இதற்கென்று விலையுயர்ந்த விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டும் என்று நினைக்கக்கூடாது. நல்ல கையால் மட்டும் முடிக்கக்கூடியது என்றால் பிள்ளை நல்ல கையால்தான் முடிக்கும். ஆகவே இரண்டு கையும் கேட்கும் விளையாட்டாக இருக்க வேண்டும். “அந்தக் கையாலை பிடி” என்று நாங்கள் நூறுதரம் சொல்வதை விளையாட்டு ஒருதரம் சொல்ல வேண்டும்.

எங்கள் முற்றத்தில் அப்படியானவை எத்தனை! அவித்த பனங்கிழங்கைத் தோலுரித்து, இரண்டாகக் கிழித்து, தும்பு இழுக்க ஒரு கை போதாது. பட்டம் ஏற்றும்போது ஒரு கை நூல்கட்டையைப் பிடித்தால்தான் மற்றக் கை நூலை இழுத்து விடலாம். பல்லாங்குழியில் புளியங்கொட்டையைப் பலவீனமான கையில் சேர்த்து வைத்துக்கொண்டு மற்றக் கையால் போடலாம். பிறகு மாற்றி, பலவீனமான கையால் போடலாம். கொக்கான் வெட்டும்போது பிடித்த கல்லைச் சேர்க்கும் பெட்டியாக அந்தக் கை இருக்கலாம். ஆடிப்பிறப்புக்குக் கொழுக்கட்டை பிடிக்கும்போது மாவில் ஓர் உருண்டை பிள்ளைக்கும் கொடுக்கலாம். ஊஞ்சல் கயிற்றை, துடுப்பாட்ட மட்டையை, சைக்கிள் கைபிடியை இரண்டு கையாலும் பிடிக்கலாம். பிடி வழுக்கினால் தாங்கப் பக்கத்தில் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

உடுவில் பிரதேச செயலகப் பிரிவிலேயே இருக்கும் இணுவில், தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பெயர் பெற்ற ஊர். ஒரு கையில் கழி, மறு கையில் விரற்கூடு. இரண்டு கைக்கும் இருவேறு வேலை கொடுத்து, இரண்டையும் ஒரே தாளத்தில் கட்டும் வாத்தியம் தவில். அந்த ஊர்ப் பிள்ளைகள் பிஸ்கற் ரின்னைக் கவிழ்த்துவைத்துத் தவிலடித்துத்தான் வளர்கிறார்கள். லண்டன் செப்படிவித்தையைத் தெரிந்தெடுத்தது போல, நாங்கள் தெரிந்தெடுக்க எங்களிடம் ஒரு வாத்தியம் இருக்கிறது.

சில ஒழுங்குகள் மட்டும் தேவை. பெரியதும் மெதுமையானதுமான பொருளில் தொடங்கிச் சிறியதற்குப் போக வேண்டும். சாமானைப் பலவீனமான கைப் பக்கம் வைக்க வேண்டும். பிள்ளை தானாக விரும்பிய விளையாட்டாக இருக்க வேண்டும். களைத்து அழுவதற்கு முன் நிறுத்த வேண்டும். “கெட்டிக்காரன்” என்று பொதுவாகச் சொல்வதை விட, “இப்ப ரெண்டு கையாலையும் பிடிச்சாய்” என்று நடந்ததைச் சொல்ல வேண்டும். நல்ல கையைக் கட்டிப்போடும் வேலையை, சிகிச்சையாளரின் வழிகாட்டல் இல்லாமல் வீட்டில் யாரும் செய்யக்கூடாது. கைக்குழந்தைகளில் அறவே கூடாது. இந்தப் பிள்ளைகளில் கணிசமானோருக்கு வலிப்பும் சிலருக்குப் பார்வையில் ஒரு பக்கம் மறைவதும் இருக்கும். ஆகவே வைத்தியரின் தொடர்பை விடவும் கூடாது.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைக்க வேண்டும். இது குணமாக்கும் மருந்து அல்ல. பாதிக்கப்பட்ட மூளைப் பகுதி திரும்பி வராது. அந்தக் கை மற்றக் கையைப் போல ஆகிவிடாது. அது ஒரு நல்ல உதவிக் கையாகலாம். பிடிக்க, அமத்த, தாங்க, தள்ள. விரலே அசையாத பிள்ளைக்குக் கிடைக்கும் பலன், ஓரளவு பிடிக்கக்கூடிய பிள்ளைக்குக் கிடைப்பதை விடக் குறைவாகவே இருக்கும். ஆனால் தன் தெறியைத் தானே பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும், ஐந்தாம் வகுப்பிலும் அம்மா பூட்டிவிடும் பிள்ளைக்கும் இடையில் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

போர் வகுத்த புனர்வாழ்வு

இவ்வளவு எளிது என்றால் ஏன் நடக்கவில்லை? வடக்கில் புனர்வாழ்வு என்ற சொல்லுக்கே போர் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டது. 1987இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம், பாதைகள் மூடப்பட்டிருந்த காலத்திலும் செயற்கைக் கால்களைச் செய்து கொடுத்து எத்தனையோ பேரை எழுப்பி நடக்கவைத்தது. அந்தச் சேவைக்கு ஈடில்லை. ஆனால் அந்தக் காலம் எங்கள் கண்ணையும் ஒரு விதமாகப் பழக்கிவிட்டது. இல்லாத கால் தெரிகிறது. இருந்தும் இயங்காத கை தெரிவதில்லை. கொடுப்பதற்கு ஒரு கருவி இருந்தால் அது உதவி. கொடுப்பதற்குக் கருவி இல்லாமல், ஆளும் நேரமும் மட்டும் தேவைப்பட்டால் அது யாருடைய திட்டத்திலும் இல்லை.

அதே போர் ஒருபக்க வாதத்தையும் தந்துபோனது. தலையில் சன்னம் பட்டுப் பிழைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அந்தச் சனத்துக்குள் நிறைமாதக் கர்ப்பிணிகளும் காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தைகளும் இருந்தார்கள். அந்தத் தலைமுறைக்கு இன்று முப்பது வயது. மடிந்த கையை சாறித் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு கலியாண வீட்டுக்கு வரும் பெண்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்களின் முதல் ஐந்து வருடத்தில் விளையாட முற்றமே இருக்கவில்லை. இப்போதைய பிள்ளைகளுக்கு முற்றம் இருக்கிறது. இழந்துபோவதற்குப் போரைக் காரணம் சொல்ல முடியாது.

அரசின் பார்வையிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2012 குடிசனக் கணக்கெடுப்பு இலங்கையில் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, அதாவது 8.7 சதவீதத்தினருக்கு ஏதாவதொரு செயற்பாட்டுக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. ஆனால் அந்த எண் 5 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் மட்டும். நரம்புப் பாதை போட்டிபோடும், கை பழகக்கூடிய அந்த முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் கணக்கில் வரவே இல்லை. எண்ணப்படாதவருக்கு ஆளணியும் ஒதுக்கப்படாது.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க என்று இயற்றப்பட்டது. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. அதன் 23ஆம் உறுப்புரை வலுக்குறைந்த பிள்ளையின் விசேட பராமரிப்பையும், 31ஆம் உறுப்புரை பிள்ளையின் விளையாடும் உரிமையையும் சொல்கின்றன. ஒருபக்க வாதமுள்ள பிள்ளையில் அந்த இரண்டு உரிமையும் ஒன்றாகிவிடுகின்றன. வலுவிழந்தோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் சுகாதாரத் துறையினர் பலர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். உறுப்புரைகள் இருக்கின்றன, கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஆளில்லை.

“அப்படியென்றால் வீட்டிலேயே செய்யுங்கள்” என்று கையை உதறிவிடுவதும் சரியல்ல. எங்கள் வீடுகளில் அந்தச் சுமை யார் தலையில் விழும் என்பது தெரியும். விடியத் தோட்டத்துக்கு வெங்காயம் கிண்டப் போய்ப் பொழுதுபட வரும் தாயிடம், கணவனைப் போரில் இழந்து தனியே பிள்ளை வளர்க்கும் பெண்ணிடம், நீதான் இனிச் சிகிச்சையாளர் என்று சொல்வது கொடுமை. வீட்டுப் பயிற்சி பலன் தந்த ஆய்வில் பெற்றோர் தனியே விடப்படவில்லை. சிகிச்சையாளர் இலக்கை வகுத்துக் கொடுத்தார், தொடர்பில் இருந்தார், மாற்றிக் கொடுத்தார். அந்த ஆள்தான் இங்கே இல்லாத துண்டு.

ஆய்க்குடியும் மானிப்பாயும்

அந்தத் துண்டை எப்படி இட்டு நிரப்பலாம் என்பதற்கு உதாரணம் தொலைவில் இல்லை. தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்தில் ஆய்க்குடி என்ற ஊரில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. முதுகுத்தண்டுக் காயத்தால் உடல் செயலிழந்த எஸ்.இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. அங்கே கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வளர்ச்சி பிந்திய பிள்ளைகளின் வீடு தேடி அனுப்புகிறார்கள். இயன்மருத்துவரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் மேலிருந்து கைத்தொலைபேசிச் செயலி வழியாக வழிநடத்துகிறார்கள். நிபுணர் குறைவு என்பதற்காகப் பிள்ளை காத்திருக்கவில்லை. நிபுணரின் அறிவு பிள்ளையின் முற்றத்துக்கு நடந்து போகிறது.

எங்களிடம் நடந்து போகும் ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். ஒவ்வொரு தாயிடமும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு இருக்கிறது. நிறை பார்க்கும் நாளில் “இரண்டு கையையும் நீட்டுகிறதா?” என்ற ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டால், ஒரு வயதுக்குள்ளேயே இந்தப் பிள்ளைகளில் பலரைக் கண்டுகொள்ளலாம். முன்பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்கலாம். முன்பள்ளியை முதலாம் வகுப்புக்கு எழுத்துப் பழக்கும் ரியூசனாக மாற்றாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

மிகுதிக்குச் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. ஒரு தவணை விடுமுறையில், பத்துப் பிள்ளைகள், ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர், பயிற்சி பெற்ற சில இளைஞர்கள், ஒரு தவில் கலைஞர், கொஞ்சம் பனங்கிழங்கும் புளியங்கொட்டையும். பத்து நாள். இதற்கு ஆகும் செலவு ஒரு நினைவுதின அன்னதானத்தை விடக் கூடவாக இருக்காது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து ஊர்ச் சங்கங்களுக்குப் பணம் அனுப்புகிறவர்கள், சக்கர நாற்காலி கையளிக்கும் படம் கேட்பதற்குப் பதில், ஒருதரம் இப்படியொரு முகாமைக் கேட்டுப் பார்க்கலாம். தெறி பூட்டும் பிள்ளையின் படம் அவ்வளவு எடுப்பாக இராது. ஆனால் அது நிலைக்கும்.

உடுவிலுக்கு அடுத்த மானிப்பாயில் 1848இல் மருத்துவப் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், பின்னர் மருத்துவக் கல்வியையே தமிழுக்கு மாற்றினார். பாடநூல்களைத் தமிழில் ஆக்கினார். தமிழில் படித்த வைத்தியர் ஊரோடு தங்கி ஊருக்கு வைத்தியம் பார்ப்பார் என்பது அவரது நியாயம். நூற்றைம்பது வருடத்துக்கு முன் இந்த மண்ணில் மருத்துவ அறிவு கிராமத்தின் மொழிக்கு வந்தது. ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் கையைப் பற்றித் தன் மொழியில், படத்தோடு, நான்கு பக்கத்தில் ஒரு கைநூல் கொடுப்பது இன்று அதைவிடக் கடினமா?

எங்கள் பேச்சில் “பாவம்” என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று முற்பிறப்பில் செய்தது, மற்றது இரக்கம். ஒருபக்க வாதமுள்ள பிள்ளையைப் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். முதலாவது தாயைக் கொல்லும். இரண்டாவது பிள்ளையின் கையைக் கொல்லும், ஏனென்றால் இரக்கப்பட்டு எல்லாவற்றையும் நாங்களே செய்துவிடுகிறோம்.

உடுவிலில் அன்று தேர் கட்டி முடிந்ததும் பிள்ளை அதைத் தூக்கிக் காட்டினான், வலக்கையால் மட்டும். தகப்பனிடம் நான் ஒன்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். அடுத்த தேரை ஒரு கையால் தூக்க முடியாத அளவுக்குப் பெரிதாகக் கட்டிக் கொடுங்கள்.